குணமும் தோழமையும்

“என் சுபாவம் அப்படி, அதற்கு நான் என்ன செய்வேன்?” என்று கூறித் தம் செயலுக்குரிய பொறுப்பினைத் தட்டிக்கழிப்போர் எல்லாக் காலத்திலும் இருந்து வந்துள்ளனர். கடுஞ்சொல் பேசியவர் அவ்வாறு கூறுவார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர் கூறுவார். பந்தியில் பிறர் மனம் நோகப் பரிகாசம் செய்தவரும் கூறுவார். இவ்வாதம் செல்லுமா, செல்லாதா? குணம் என்பது மனிதனை ஆளும் எசமானா, அல்லது மனிதன் ஆளவேண்டிய உடைமையா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா இது.

இவ்வினாவை ஆராய்வதற்கு எதிர்பாராத ஓர் இடம் நமக்கு வாய்த்துள்ளது. மேலைநாட்டில் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் விளையாட்டே அது. விளையாட்டை வைத்துக்கொண்டு அறம் பேசுவதா என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். மனிதன் தன் கையாலேயே ஒரு குணத்தை உருவாக்கி, அதனைத் தோழர்களின் நடுவே கொண்டுவந்து வைக்கும் இடம் அது. வாழ்க்கையில் மறைந்து கிடப்பது அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. அவ்விளையாட்டில் பகடை உருட்டப்படுவதால், அது மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்னும் கேள்வி நம் இல்லங்களில் எழக்கூடும். அது தனியே பேசவேண்டிய பொருள். இக்கட்டுரையின் நோக்கம் அதுவன்று. அந்த மேசையில் எழுந்துள்ள ஓர் ஒழுக்கப் பிரச்சினையை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஆட்டம் பிறந்த வரலாறு

படைத் தலைவர்களுக்குப் போர்ப் பயிற்சி அளிப்பதற்காக, 1812ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் மேசைமீது ஆடும் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். அவருடைய மகன் 1824இல் அதனைத் திருத்தி வெளியிட்டார். ஆடுவோர் கட்டளையிடுவர், விளைவு என்னவென்பதை நடுவர் ஒருவர் தீர்ப்பார். இம்முறை பல நாடுகளுக்கும் பரவிப் பொழுதுபோக்காகவும் மாறிற்று.

1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர் இதில் ஒரு புதுமை செய்தார். நெப்போலியன் காலத்துப் பிரஷ்யாவில் ‘பிரவுன்ஸ்டைன்’ என ஒரு கற்பனை ஊரை அமைத்து, நண்பர்களை ஆட அழைத்தார். எல்லார் கையிலும் படைகளைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, ஒருவரை ஊர்த் தலைவராகவும், ஒருவரை வங்கி முதலாளியாகவும், இப்படி ஆளுக்கொரு மனிதராக நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் உண்டு. நடந்தது என்ன? போர் நடைபெறவே இல்லை. ஆளாளுக்கு மூலையில் நின்று இரகசியம் பேசினர், பேரம் நடத்தினர், ஒருவர் காலை மற்றவர் வாரினர். ஆட்டம் தோல்வியுற்றதென்றே வெஸ்லி எண்ணினார். நண்பர்களோ மீண்டும் ஆடவேண்டுமென்று கேட்டனர்.

அந்நண்பர் வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன், 1971இல் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டை அமைத்தார். அங்கே ஒரு கோட்டை. அதன் அடியில் இருள் சூழ்ந்த நிலவறைகள். அவற்றுள் ஆட்டக்காரர்கள் கூட்டாக இறங்கினர். பின்னர் அவரும், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரினரான கேரி கைகாக்ஸும் இணைந்து உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பெட்டிகள். இன்று உலகெங்கும் ஆடப்படும் இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே தாய்.

ஆடும் முறை எளியது. நால்வரோ ஐவரோ அமர்வர். ஒருவர் நடுவர், கண்ணுக்கு முன் தெரிவது என்னவென்று அவர் சொல்வார்: “ஆற்றுப்பாலம் உடைந்து கிடக்கிறது, அக்கரையில் விளக்கொளி தெரிகிறது.” மற்றவர்கள் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். முடிவு ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டப்படும். வென்றவர், தோற்றவர் என்று இவ்வாட்டத்தில் எவரும் இல்லை. ஒரு கதை வாரக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீளும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பாத்திரங்கள் சேர்ந்து பயணம் செய்யவேண்டும். 1969இல் ஆளுக்கொரு திசையில் பிரிந்தவர்கள் 1971இல் ஒன்றாக இறங்கினார்களே, அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில்தான் நம் வினா நிற்கிறது.

வாய்த்ததும் வரித்துக்கொண்டதும்

1974ஆம் ஆண்டு விதிகளின்படி, பாத்திரத்துக்கு ஆறு தன்மைகள் உண்டு: வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, கைத்திறன், பிறரை ஈர்க்கும் ஆற்றல். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகள் உருட்டப்படும். மூன்று முதல் பதினெட்டு வரை எந்த எண்ணும் விழலாம். விழுந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதே. அதன்பின் ஆட்டக்காரர் தொழிலைத் தெரிவு செய்வார். வீரன், மந்திரவாதி, குரு ஆகிய மூவகை முதலில் இருந்தன. 1975இல் வெளியான துணை நூலில் திருடனும் சேர்க்கப்பட்டான். ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுநிலையா என்று பாத்திரத்தின் சார்பையும் ஆட்டக்காரரே குறிக்கவேண்டும். 1977இல் இத்துடன் நன்மை, தீமை என்னும் அளவுகோலும் சேர்ந்து, பின்னர் ஒன்பது வகைச் சார்புகள் ஏற்பட்டன.

அறபு மொழி அறிந்தோருக்கு இங்கே ஒரு நினைவு எழாமல் இராது. ‘ஃகல்க்’ என்றால் படைப்பு, புறத்தோற்றம். ‘ஃகுல்க்’ என்றால் குணம், அகத்தோற்றம். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள், எழுத்திலும் ஒன்றே. ஒரு குறில் ஒலிதான் வேறுபாடு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இவ்விரு சொற்களையும் அருகருகே நிறுத்தியே விளக்குகின்றார்கள். பகடை தருவது ஃகல்க் போன்றது. அதில் நமக்குத் தெரிவு இல்லை. காகிதத்தில் நாம் எழுதிக்கொள்ளும் குணமோ ஃகுல்க். அதில் தெரிவு முழுவதும் நம்முடையது. பதினெட்டு வலிமை விழுந்தவன் கொடுமைக்காரனாகவும் எழுதப்படலாம், பலவீனரைத் தாங்குபவனாகவும் எழுதப்படலாம்.

மூலையில் அமர்ந்த வீரன்

ஆட்டக்காரர் தம் வீட்டில் தனியே அமர்ந்து பாத்திரத்தைப் புனைகின்றார். தாய் தந்தை இல்லாதவன்; எவரையும் நம்பாதவன்; எவருக்கும் கடன்படாதவன்; ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவன். கதைப் புத்தகத்தில் இத்தகைய வீரன் கம்பீரமாகவே தோன்றுவான். ஏனெனில் அப்புத்தகம் முழுவதும் அவனுக்காக எழுதப்பட்டது. மேசையில் நடப்பது வேறு. காணாமற்போன சிறுவனைத் தேடித் தோழர் நால்வரும் புறப்படும்போது, இவன் சத்திரத்தின் இருண்ட மூலையில் அமர்ந்து, “எனக்கென்ன வந்தது?” என்கின்றான். நடுவர் கெஞ்சவேண்டும், தோழர்கள் மன்றாட வேண்டும். அவர்களுடைய மாலைப்பொழுது இவனைச் சமாதானம் செய்வதிலேயே கழிகிறது.

இன்னொருவன் திருடன். திருடனாயிருப்பது அவ்வாட்டத்தில் குற்றமன்று. பூட்டைத் திறக்க அவன் வேண்டும். ஆனால் இவன் உறங்கும் தோழனின் பையிலேயே கைவைக்கின்றான். மூன்றாமவன் நேர்மைக்கு உறுதிபூண்ட வீரன். தீயவரைத் தேடுவதை விட்டுத் தன் கூட்டத்தாரின் ஒவ்வொரு அடியையும் விசாரணை செய்து, அவர்களை அசையவிடாமல் நிறுத்துகின்றான். திருடன் கெடுப்பதைவிட இந்த நல்லவன் கெடுப்பதே சில மேசைகளில் அதிகம் என்பார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் மூவரும் சொல்லும் விடை ஒன்றே: “என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்.” காகிதத்தில் ‘குழப்பத்தின் பக்கம்’ என்று எழுதியிருப்பதைச் சிலர் சான்றாகவும் காட்டுவர்.

இவ்விடையில் ஒரு நேர்மை இருப்பதுபோல் தோன்றும். ஏற்ற வேடத்துக்கு உண்மையாயிருப்பது நல்ல பண்புதானே? ஆயினும் சற்று நின்று நோக்குவோம். அந்தப் பாத்திரத்தை எழுதியவர் யார்? நேற்று மாலை இதே கைதான் எழுதிற்று. வேறு விதமாகவும் எழுதியிருக்கலாம். தான் எழுதிய தாளையே தனக்கு மேலான அதிகாரியாக்கி, “அவர் கட்டளையிட்டார், நான் செய்தேன்” என்று கூறுவது என்ன நியாயம்?

இரண்டாவது விடை இதனினும் ஆழமானது. ஒரு குணத்திலிருந்து ஒரே ஒரு செயல்தான் பிறக்கும் என்பது உண்மையன்று. கருமியும் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கின்றான். கோழையும் நடுங்கிக்கொண்டே நிற்கின்றான். எவரையும் நம்பாதவன், முன்னொரு நாள் தனக்குத் தண்ணீர் தந்த ஒருவருக்காகப் புறப்படுகின்றான். வழியெல்லாம் ஐயத்துடனே வருகின்றான். இவர்கள் எவரும் தம் குணத்துக்குப் பொய்யாகிவிடவில்லை. குணம் ஒரு திசையைக் காட்டும். அத்திசையில் வழிகள் பல உண்டு. அவற்றுள் தோழர்களை மிதித்துச் செல்லும் வழியையே ஒருவர் தேர்ந்தெடுத்தாரானால், தேர்ந்தெடுத்தவர் அவர்தாம், பாத்திரமன்று.

தனிமையில் குணம் உண்டா?

ஹிஜ்ரி 421 (கி.பி. 1030) இல் மறைந்த மிஸ்கவைஹி, ‘தஹ்தீபுல் அக்லாக்’ என்னும் ஒழுக்க நூலின் ஆசிரியர். மனிதனைக் குறிக்கும் ‘இன்ஸான்’ என்னும் சொல் மறதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததென்று கூறுவாரை மறுத்து, அது ‘உன்ஸ்’ என்னும் தோழமையிலிருந்து பிறந்தது என்கிறார் அவர். மக்களை விட்டு மலைக்குகையில் ஒதுங்கி வாழ்பவரிடம் ஈகை, நீதி, தன்னடக்கம் ஆகியன உண்டென்று சொல்ல முடியாது என்பதும் அவர் கருத்து. கொடுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஈகை எப்படி வெளிப்படும்? உரிமை கோருவோர் இல்லாத இடத்தில் நீதிக்கு என்ன வேலை?

இக்கருத்து நம் மேசைக்கு அப்படியே பொருந்துகின்றது. தனியறையில் எழுதிய பாத்திரத்துக்கு உண்மையில் இன்னும் குணமே வரவில்லை. குணங்களின் பெயர்ப்பட்டியல் மட்டுமே இருக்கிறது. ‘துணிவுள்ளவன்’ என்று எழுதினால் போதாது, யாருக்காகத் துணிவான்? ‘கோபக்காரன்’ என்றால், யாருடைய ஒரு சொல்லுக்கு அவன் கோபம் அடங்கும்? இவ்வினாக்களுக்கு மற்றவரின் முகத்தைப் பாராமல் விடை எழுத முடியாது.

இதனை அவ்விளையாட்டுக் கலையினரும் காலப்போக்கில் கண்டுகொண்டனர். கதை தொடங்குமுன் எல்லாரும் ஒருமுறை கூடிப் பேசுவது இப்போது பரவலான வழக்கம். அதனைப் ‘பூஜ்ய அமர்வு’ என்கின்றனர். எவ்வகைக் கதை வேண்டும், எவற்றை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது, யார் யாருக்கு முன்பே உறவு என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகும். நாம் ‘மஷூரா’ என்று சொல்லும் கலந்தாலோசனை அதுவே. 2013இல் வெளிவந்த ‘ஃபேட் கோர்’ என்னும் ஆட்டத்தில், ஒவ்வொரு பாத்திரத்தின் முன்கதையும் வேறு இருவருடைய முன்கதையில் நுழைந்து வரவேண்டும் என்பது விதி. ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009இல் வெளியிட்ட ‘ஃபியாஸ்கோ’ இன்னும் ஒருபடி முன்னே செல்கிறது. அதில் முதலில் மனிதர் படைக்கப்படுவதில்லை. அருகருகே அமர்ந்த இருவருக்கிடையே உள்ள உறவே முதலில் குறிக்கப்படும். உறவு என்னவென்று தெரிந்தபின்தான் அந்த இருவரும் யார் என்று பெயர் சூட்டுவர். இத்தனைக்கும் அது பேராசையும் மூடத்தனமும் கொண்டு சீரழியும் மனிதர்களைப் பற்றிய ஆட்டம்! அங்கும் உறவே அடித்தளம்.

பொருந்துதல் என்றால் என்ன?

“அப்படியாயின் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த நல்லவர்களாக இருக்கவேண்டுமா? தனித்தன்மைக்கு இடமில்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருந்துதல் வேறு, ஒத்திருத்தல் வேறு. வாளேந்தியவனுக்கு மந்திரம் தெரியாது. மந்திரம் அறிந்தவனால் ஓர் அடியைத் தாங்க முடியாது. காயத்தை ஆற்றக் குரு வேண்டும். முதல் விதிநூலே ஒருவரில் இல்லாததை மற்றவரில் வைத்துத்தான் அமைந்தது. பூட்டும் சாவியும் ஒரே வடிவாயிருந்தால் கதவு திறக்காது.

ஆகவே பொருந்தும் பாத்திரத்துக்கு மூன்று தகுதிகள் போதும் எனலாம். முதலாவது, இவர்களோடு சேர்ந்து செல்ல அதற்கொரு காரணம் இருக்கவேண்டும். அக்காரணத்தைக் கண்டுபிடிக்கும் கடமை ஆட்டக்காரருடையது, நடுவருடையதன்று. இரண்டாவது, அதற்கொரு குறை இருக்கவேண்டும். எல்லாம் வல்லவனாய் எழுதப்பட்டவன் பிறர் கைகளுக்கு வேலையில்லாமல் செய்துவிடுகின்றான். மூன்றாவது, மற்றவர் பேசுவதற்கும் செய்வதற்கும் அது இடம் விடவேண்டும். இம்மூன்றும் அமைந்தால் கள்வனும் பொருந்துவான், கோழையும் பொருந்துவான். தன் குறையின் விலையைத் தானே கொடுப்பவன் கதையை வளர்க்கின்றான். அவ்விலையைத் தோழர்களிடம் வசூலிப்பவன் கதையைக் கெடுக்கின்றான்.

தராசின் மறுதட்டையும் பார்க்கவேண்டும். கூட்டத்துக்குப் பொருந்து என்று சொல்வோர் எப்போதும் நியாயமானவர்கள் என்பதற்கில்லை. இவ்வாட்டத்தில் நெடுநாள் இருந்துவரும் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் தத்தமக்கு விருப்பமான பாத்திரங்களை எடுத்துக்கொண்டபின், கடைசியாக வந்து சேர்ந்தவரிடம், “காயம் ஆற்றுவதற்கு ஆள் இல்லை, நீ குருவாக இரு” என்பார்கள். அவருக்கு விருப்பமா என்று கேட்பாரில்லை. விட்டுக்கொடுத்தல் என்னும் நற்பண்பு வலிமை குறைந்தவரிடம் மட்டும் கேட்கப்படுமானால் அது பண்பன்று, வரி. கூட்டமும் வருபவருக்காகச் சிறிது நகர்ந்து அமரவேண்டும். நால்வர் தம் திட்டத்தில் ஒரு முழம் மாற்றிக்கொண்டால், ஐந்தாமவர் தம்மை முழுவதும் மாற்றிக்கொள்ள வேண்டியிராது.

முகமூடியும் கையும்

கற்பனையில் செய்வதற்கெல்லாம் கணக்கு உண்டா என்று சிலர் கேட்பர். கொடியவன் வேடம் ஏற்றவர் கொடியவராகிவிடுவதில்லை. எல்லாரும் அறிந்து, சம்மதித்து ஆடும் இடத்தில் அவ்வேடத்துக்கும் பயன் உண்டு. எனினும் வேடம் என்னும் பெயரால் கை செய்தது கழுவப்பட்டுவிடாது. இவ்விளையாட்டு உலகிலேயே அதற்கு வருந்தத்தக்க சான்று ஒன்றுண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது பயிற்றுவித்தவரும், இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது அப்துர் ரஹ்மான் என்று பெயர் கொண்டவருமான பேராசிரியர் பார்க்கர், இந்திய, மத்திய அமெரிக்கப் பண்பாடுகளின் சாயலில் ஒரு முழுக் கற்பனை உலகைப் படைத்தவர். அது 1975இலேயே ஆட்டமாக வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அவர் 2012இல் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1991இல் புனைபெயரில் வெளிவந்த, நாஜிக் கொள்கையைப் போற்றும் நாவல் ஒன்று அவர் எழுதியதே என்பதை, அவருடைய படைப்புகளைப் பேணிவரும் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது. அவ்வுலகில் ஆண்டுக்கணக்கில் களித்தோர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நடுவர் பேசும் கொடியவன் குரல் எவர் வாயிலிருந்து வருகிறதென்று எல்லாருக்கும் தெரியும். அவர் அதற்கு அங்கேயே பதில் சொல்வார். புனைபெயருக்குப் பின்னே ஒளிந்த குரலோ தோழர்களுக்குப் பதில் சொல்ல மறுக்கும் குரல். மேசையில் வேடத்தைக் காட்டித் தப்ப முயல்பவரும் சிறிய அளவில் இம்மறுப்பையே செய்கின்றார்.

வெற்றுத்தாள் இல்லாத நமக்கு

மேசையில் அமர்பவருக்கு வெற்றுத்தாள் கிடைக்கிறது. நமக்கு அப்படிக் கிடைக்கவில்லை. பிறப்பும், வளர்ப்பும், பழக்கமும் பாதித் தாளை முன்பே நிரப்பிவிட்டன. ஆதலால் “என் சுபாவம்” என்று சொல்பவரிடம், ஆட்டக்காரரிடம் காட்டும் கண்டிப்பை அப்படியே காட்டுவது நீதியாகாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இதனை உணர்ந்தே பேசுகின்றார்கள். சிலரது குணம் விரைவில் மாறும், சிலரது குணம் மெல்லவே மாறும் என்று ஏற்றுக்கொள்கின்றார்கள். ஆனால் மாறவே மாறாது என்பதை அவர்கள் ஏற்கவில்லை. அது உண்மையானால் உபதேசமும் பயிற்சியும் வீண் என்றாகும். விலங்குகள்கூடப் பழக்கத்தால் மாறுகின்றனவே என்று கேட்கின்றார்கள். பேரீச்சங்கொட்டையை அவர்கள் உவமையாகக் காட்டுவது சிந்திக்கத்தக்கது. அக்கொட்டையை ஆப்பிள் மரமாக்க எவராலும் ஆகாது. பேணி வளர்த்தால் பேரீச்ச மரமாகும். வாய்த்தது கொட்டை, வளர்ப்பது நம் வேலை.

பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு வரும் பெண்ணிடம், கடைசியாக வந்த ஆட்டக்காரரிடம் கேட்பதுபோல், “நீ மட்டும் மாறிக்கொள்” என்கிறோமே. நாம் ஒரு முழம் நகர்ந்தோமா? ஜமாஅத்துக் கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முட்டுக்கட்டை போட்டுவிட்டு, “நான் மனதில் பட்டதைப் பேசுபவன்” என்று பெருமை கொள்பவர், நேர்மை வீரனின் வேடத்தை அல்லவா அணிந்திருக்கின்றார்? மூத்த மகன் குடும்பப் பேச்சில் கலந்துகொள்ளாமல் மூலையில் ஒதுங்கி, “நான் எப்போதும் தனிமை விரும்பி” என்னும்போது, அத்தனிமையின் விலையை அவ்வீட்டில் யார் கொடுக்கின்றனர்?

இவர்களுள் எவரும் வேறொருவராக மாறவேண்டியதில்லை. மனதில் பட்டதைப் பேசுபவர் பேசட்டும். பிறர் பேசி முடித்தபின் பேசட்டும். தனிமை விரும்பி தனித்தே இருக்கட்டும். தங்கையின் திருமணப் பேச்சு நடக்கும் மாலையில் மட்டும் வந்து அமரட்டும். அவரவர் குணத்துக்குள்ளேயே தோழமையின் பக்கம் திரும்பும் வழி ஒன்று இருக்கவே செய்கிறது. அதனைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமை அக்குணத்தை உடையவரையே சாரும். கண்டுகொண்டவருக்கு மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுக்கவேண்டும்.